குப்பு கையை விரிக்கவில்லை

கவரைப்பேட்டை
26-10-56

என் மகள் அஞ்சம்மாளுக்கு அம்மா ஆசீர்வாதத்தோடு சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம், கரக்பூரில் நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்று நாலு வரி வந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். எனக்கு எழுத்து வராதே, உன் தங்கை குப்புதான் எழுதுகிறாள், நான் சொல்வதை மட்டும் எழுது என்று சொல்லியிருக்கிறேன். (சொல்லியிருக்கிறாள். - குப்பு)

குப்புவுக்கு ஏழாம் மாசம், போன வாரம் வளைகாப்பு வைத்தோம். மழையாக இருக்கிறது, நீ வரவேண்டாம் என்று போஸ்ட்மேனை விட்டு எழுதச் சொன்னேனே, அது பொய். (வெயிலில் பந்தலே காய்ந்தது அக்கா. - குப்பு) குப்புவின் மாமியார் ஜானகியம்மாள் ஆரணியிலிருந்து வந்து, "புள்ள தங்காதவ கையி படக்கூடாது, பெரியவள கூப்புடாதீங்க" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. போன தையில் இதே வீட்டில் உன் பிள்ளை அழாமலே பிறந்தபோதும் நான் இப்படித்தான். முகத்தைக்கூட உனக்குக் காட்டாமல் துணியில் சுற்றி நைனாவிடம் கொடுத்தேன், பால் வற்ற மல்லிகைப்பூ வைத்துக் கட்டினேன், அழாதே, அழுதால் அடுத்ததும் தங்காது என்று உன் வாயை அடைத்தேன். உனக்கு முன்னால் எனக்கும் ஒன்று அப்படிப் போனது, அன்றைக்கு எனக்குச் செய்ததை உனக்குச் செய்தேன். நைனா கழனி மூலையில் பிள்ளை இருக்கும் இடத்தில் ஏர் விடுவதில்லை, ஏன் என்று யாரும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை.

வளைகாப்பில் குப்பு மணையில் உட்கார்ந்து இரண்டு கையையும் இறுக மூடிக்கொண்டாள். வழக்கமான குறும்பு என்று எல்லோரும் சிரித்தார்கள். "இன்னாடி, பாக்கு ஒளிச்சி வச்சிகினு கீறியா?" என்று ஒருத்தி. வளையல்காரர் சடையப்பன் சோப்புத் தடவியும் பார்த்தார், வளையல்தான் நொறுங்கியது. (வளையல் வளைந்து பிறந்தது, நான் வளையவில்லை. - குப்பு) அப்புறம் இவள், "எங்கக்கா வந்து மொதல்ல போட்டாத்தான் கைய வுடுவேன், அவ புள்ள பெத்தவ இல்லியா?" என்று கேட்டாள். அந்த வார்த்தையை நான் அல்லவா சொல்லியிருக்க வேண்டும், என்னால் நிமிர முடியவில்லை. ஒன்பதாம் மாசத்தில் மறுபடி வளையல் போட்டாக வேண்டும் என்று ஜானகியம்மாள் சோற்றைத் தொடாமல் எழுந்து போனாள். என் பெரியவள் கைதான் முதலில் என்று ஆரணிக்கு நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன், அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், திருப்பிக்கொள்ளட்டும்.

நேற்று கிணற்றடியில் மேரி, "இன்னா பெரியம்மா, மொதப் பேரப்புள்ளயா?" என்றாள். "இல்லடி, ரெண்டாவது. மொதலு எங்க அஞ்சம்மாளு பெத்தது" என்றேன். இத்தனை நாளும் ஆமாம் என்றே தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளைக்கு லீவு கேட்டு இருவரும் கார்த்திகைக்குள் வாருங்கள். கூடூரில் வண்டி மாறும்போது மூட்டையை எண்ணிப் பார். ரயிலில் பட்டினி கிடக்காதே. வந்து என்னைத் திட்டு, அழு, நான் தடுக்கமாட்டேன். நீ அன்றைக்குக் கேட்டாய், நான் பேச்சை மாற்றினேன், இப்போது சொல்கிறேன். ஆண் பிள்ளை. தலை நிறைய முடி. நெற்றி உன் நெற்றி.

தீர்க்காயுசாக இரு என்று வேண்டும்
உன் அம்மா
குட்டியம்மாள்