ஒட்டாத முத்திரை

ஸ்பிரிங்வெளி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் ஜெயந்தினிக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்பளவில் சுகம், குவைத்தில் நீயும் சுகமாக இருக்க மாரியம்மனை வேண்டுகிறோம். போனில் பேசினால் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள், அதனால் ரெங்கம்மா மகள் அங்கே பயணம் போகிறாள் என்றதும் அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் நம் ஏழு பேர்ச் காணியின் உறுதிப் பத்திரம். நீ அப்போது தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்ததால் உன் பேருக்கு எழுதி, மேடை போட்டு, மாலை போட்டு, போட்டோ எடுத்து அரசாங்கத்தில் கொடுத்தார்களே, அதேதான். அதைப் பதிவுக் கந்தோரில் பதிய வேண்டும் என்று அன்றைக்குப் பேசிய ஆறு பேரில் ஒருவரும் சொல்லவில்லை, நேரம் போதவில்லை போலும். லயத்துக் கூரை ஒழுகி ஒழுகி நமக்கு ஒரு பழக்கம், முக்கியமான கடுதாசி எது வந்தாலும் உடனே பிளாஸ்டிக்குக்குள் வைத்து ஒட்டிவிடுவோம். நானும் மறுநாளே பதுளை டவுனுக்குப் போய் பவாஸ் கடையில் உறுதியை லெமினேட் பண்ணினேன். எனக்கு முன்னால் நம் டிவிசன் ஆட்கள் பதினோரு பேர் நின்றார்கள்.

போன மாதம் நமக்குக் கீழே உள்ள காணியை ஒருவர் வாங்கினார். அவருடைய வரைபடத்தில் அம்மா சமைக்கும் நம் குசினியும் இருக்கிறது. வந்து பார்த்தார், குசினி நல்ல காற்றோட்டம் என்றார். உறுதி எழுதும் நொத்தாரிசிடம் விசாரித்தேன், இரண்டு உறுதியில் எது முதலில் பதியப்படுகிறதோ அதுதான் செல்லும் என்கிறார். ஓடினேன். கந்தோரில் இருந்த பிள்ளை உறுதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாமா, இது தண்ணிக்குள்ள போட்டாலும் நூறு வருசம் இருக்கும். ஆனா என் சீல் இதுல ஒட்டாதே" என்றாள். பிரித்தால் எழுத்தும் கூடவே வந்துவிடுமாம். வீட்டுக்கு வந்து ஒரு மூலையை மட்டும் பிரித்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி.

புதுப் பிரதி எடுக்க உன் கையெழுத்து வேண்டும். நீ வர முடியாவிட்டால் அங்கே நம் தூதரகத்தில் அற்றோணித் தத்துவப் பத்திரம் எழுதி, எனக்கு அதிகாரம் கொடுத்து அனுப்ப வேண்டும். கீழ்க் காணியை வாங்கியவர் அடுத்த மாதம் இருபதாம் திகதி பதியப் போகிறாராம். உன் பாஸ்போர்ட் நீ வேலை செய்யும் வீட்டு மேடத்தின் அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது என்று நீ தீபாவளிக்குச் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்பாவுக்குச் சீரியஸ் என்று சொல்லிக் கேள். பெரிய பொய்யாகவும் இருக்காது.

நேரத்துக்குச் சாப்பிடு, பனடோல் மாத்திரையை மிட்டாய் மாதிரி விழுங்காதே. அந்த மாரித் தாய் உனக்குத் துணையிருப்பாள், பிள்ளை.

அம்மாவுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. நேற்றுத்தான் குசினிச் சுவருக்கு அவளே சுண்ணாம்பு அடித்தாள், உனக்குப் போட்டோ அனுப்பச் சொல்லி என்னை நச்சரிக்கிறாள். போட்டோ வந்தால், அழகாக இருக்கிறது என்று மட்டும் சொல்.

உன் அப்பா,
தம்பையா