முதல் கமென்ட் போடுகிறவள்

ஜூன் 9, திங்கள்

இன்றைய போட்டி: 'வளாகத்தில் உங்களுக்குப் பிடித்த மூலை.' படம் எடுத்து எங்கள் இணையப் பக்கத்துக்கு அனுப்ப வேண்டும். ஜெயிப்பவருக்குப் பல்கலைக்கழக முத்திரை போட்ட பீங்கான் கப். அலமாரி முழுக்க கப்தான். விளம்பரப் பிரிவுத் தலைவரை மனசுக்குள் கப் சார் என்றே கூப்பிடுகிறேன்.

மாலை வரை ஒருவரும் அனுப்பவில்லை. வழக்கம்போல நான் நாலு பேராக மாறினேன். சார் எனக்கு நாலு பொய்க் கணக்கு ஆரம்பித்துக் கொடுத்திருக்கிறார். இயற்பியல் படிக்கும் பெண், வாலிபால் ஆடும் பையன், கவிதை எழுதுகிறவள், எதற்கெடுத்தாலும் 'செம' என்கிறவன். "எவனும் முதல் ஆளா வர மாட்டான்மா. நீ முதல் ஆளா போ, மத்தவன் பின்னாடி வருவான்" என்பார்.

நான் ஒன்பதாவதோடு நின்றவள். அம்மா வழுக்கி விழுந்து கை முறிந்த வருஷம், வீட்டைப் பார்த்துக்கொள்ள நின்றேன். கை சேர்ந்துவிட்டது, நான் திரும்பப் போகவில்லை. இப்போது ஒரே நேரத்தில் நாலு பட்டம் படிக்கிறேன். டீக்காரரிடம் "சர்க்கரை வேண்டாம்" என்று சொல்ல வாய் வராது, வாலிபால் பையனாக ஊரையே கலாய்க்கிறேன். அருவருப்பாக இருக்கிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

ஜூன் 11

நூலகத்து நடையில் அம்மா எதிரே வந்தாள். அந்தக் கட்டடத்தைச் சுத்தம் செய்வது அம்மாதான். ஆபீசில் யாருக்கும் தெரியாது, டிசைனர் அக்காவைத் தவிர. எங்கள் மாடி வீட்டில் இருக்கும் அவள்தான் எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தாள். "அம்மா விஷயத்தை இங்க சொல்லிக்காதே, உன் மரியாதைக்குத்தான்" என்று சொன்னதும் அவள்தான்.

அதனால் நாங்கள் பேசிக்கொள்வதில்லை. அம்மா ஒரு கண்ணைச் சிமிட்டப் பார்ப்பாள். வராது, இரண்டும் சேர்ந்து மூடிக்கொள்ளும். சிரிப்பை அடக்கிக்கொண்டு நான் தரையைப் பார்த்து நடப்பேன்.

ஜூன் 16, திங்கள்

புதுப் போட்டி: 'தலைப்பு வையுங்க.' வேடிக்கையான ஒரு படம் போடுவோம், அதற்குப் பொருத்தமான வரியை கமென்டில் எழுத வேண்டும். அதிக லைக் வாங்கும் வரிக்கு கப். முதல் படம், பேராசிரியர் நாற்காலியில் சுருண்டு படுத்திருக்கும் நாய். கமென்ட் கொட்டோ கொட்டென்று கொட்டியது. நான் நாலு பேராக மாறவேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. சார் கையைத் தேய்த்துக்கொண்டார்.

எனக்கும் சிரிப்பு வந்தது. நாய் பாவம், ஆனால் சிரிப்பு வந்தது.

ஜூன் 23, திங்கள்



ஒரு மாணவன் அனுப்பிய படம். நூலக மாடிப்படிக்குக் கீழே, சுவரில் சாய்ந்து, மாப்பைத் தோளில் அணைத்துக்கொண்டு ஒரு துப்புரவுப் பணியாளர் தூங்குகிறார். முகம் சுவர்ப் பக்கம் திரும்பியிருக்கிறது, திறந்த வாய் மட்டும் தெரிகிறது. செருப்பைக் கழற்றிவிட்ட கால். வலது குதிகாலில் பிளாஸ்திரி, குறுக்கே இரண்டு. வெடிப்புக்காக சனிக்கிழமை காலை நான் ஒட்டியது.

"முகம் தெரியல, பிரச்சினை இல்ல. போட்டுடு" என்றார் சார். டிசைனர் அக்காவும் எட்டிப் பார்த்தாள். அவளுக்குத் தெரியாதா? தினமும் படியில் இறங்கும்போது பார்க்கிற உருவம். "வெளிச்சம் மட்டும் கொஞ்சம் ஏத்தணும் சார்" என்றாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்கலை? என் விரல் நகராததைப் பார்த்து சாரே ஆபீஸ் போனை வாங்கினார், வாலிபால் பையனாக எழுதினார்: 'பரீட்சைக்கு முதல் நாள் நான்.'

கழிப்பறைக்குப் போய் வாந்தி எடுத்தேன். அந்தக் கழிப்பறையையும் யாரோ ஒருத்தி துடைத்து வைத்திருந்தாள்.

ஜூன் 24

'மாப்போட கல்யாணம் ஆயிடுச்சு போல.' 'எங்க விடுதி வைஃபைக்கு உருவம் கிடைச்சிடுச்சு.' முதலிடத்தில் இருப்பது: 'சம்பளத் தேதியில மட்டும் முழிச்சிப்பாங்க.'

அம்மா ஏன் தூங்கினாள் என்று எனக்குத் தெரியும். போன மாதம் விடுதி மொட்டைமாடியில் கண்ணயர்ந்த ஒரு அக்காவை மேற்பார்வையாளர் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அவள் பார்த்த தளமும் இப்போது அம்மா தலையில்.

ஜூன் 25

காலையில் அம்மா செருப்பு மாட்டும்போது உட்கார்ந்து பிளாஸ்திரியைப் பிய்த்தேன். "வலிக்குதுடி, ஏன்டி?" என்றாள். அழுக்காகிவிட்டது, காற்று படட்டும் என்றேன். வேறு ஒட்டவில்லை. நாள் முழுக்க சோப்புத் தண்ணீரில் நிற்கப்போகும் கால்.

ஜூன் 26

சாயங்காலம் அம்மா வந்து உட்கார்ந்தாள். மேற்பார்வையாளர் எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, செருப்பைக் கழற்றச் சொல்லி, காலைக் காட்டச் சொன்னாராம். போனில் ஒரு படத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு குதிகாலாகப் பார்த்தாராம். அது யாரென்று வரிசையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். ஒருத்தியும் சொல்லவில்லை.

"அதுக்காடி பிச்சே?"

தலையை ஆட்டினேன். படத்தைக் காட்டச் சொன்னாள். காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். கீழே இருந்ததை நான் படித்துக் காட்டவில்லை, அவளும் கேட்கவில்லை.

"வாயை இப்படியா திறந்து வெச்சிருந்தேன்?" என்றாள்.

அவ்வளவுதான் கேட்டாள்.

ஜூன் 30, திங்கள்

சம்பளத் தேதிக்காரன் ஜெயித்துவிட்டான். ஜெயித்தவர் ஆபீசுக்கு வந்து கப்போடு நிற்பார், நான் படம் எடுக்க வேண்டும். அதுதான் வழக்கம். வந்தான். முரடன் மாதிரி இருப்பான் என்று நினைத்திருந்தேன். இல்லை, நல்ல பையன். கதவைத் தட்டிவிட்டு வந்தான், எனக்கு "தேங்க்ஸ் சிஸ்டர்" சொன்னான். தலையைச் சீவிக்கொண்டு வந்திருந்தான்.

"சிரிக்கச் சொல்லும்மா" என்றார் சார்.

"அது எங்கம்மா" என்றேன்.

அந்த அறையில் யாரும் கேட்காமல் நான் சொன்ன முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். பையன் முகம் வெளுத்தது. சாரி என்று முனகினான். கப்பை மேசையில் வைத்துவிட்டு வாசல்வரை போனான். திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனான்.

சார் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் பல்பு எரிந்தது. "முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதாம்மா? அம்மாவைக் கூட்டிட்டு வா. அந்தப் பையன் கையால கப் குடுக்க வைப்போம், கண்ணீரோட ஒரு படம். ஊரே ஷேர் பண்ணும்."

"அதே மாடிப்படிக்குக் கீழ எடுத்தா இன்னும் நல்லா வரும் சார்." டிசைனர் அக்கா.

யாரென்று தெரிந்தால் மேற்பார்வையாளர் அம்மாவை அனுப்பிவிடுவார் என்றேன். அதையெல்லாம் தான் பேசிக்கொள்வதாகச் சொன்னார். சொல்லும்போதே காலண்டரில் எந்தக் கிழமை கூட்டம் அதிகம் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

சீ. மனுஷங்களா இவங்க?

பக்கம் இன்னும் என் கையில் இருந்த போனில்தான் இருந்தது. அந்தப் படத்தை அழித்தேன். பிறகு நாலு பேரையும் ஒவ்வொருவராக எடுத்து, 'படிப்பை நிறுத்திட்டேன்' என்று எழுதிவிட்டுக் கணக்கை மூடினேன். கடைசிக் கணக்கை மூடும்வரை ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை. பள்ளியை விட்டு நின்றபோது என்னையும் யாரும் கேட்கவில்லை.

போனை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜூலை 3

டிசைனர் அக்கா படியில் பார்த்தும் பார்க்காத மாதிரி போகிறாள். அம்மா யாரென்று அவள் சாரிடம் சொல்லவில்லை. நல்ல மனசு என்று எழுத வரவில்லை. என்னைச் சிபாரிசு செய்தவள், சொன்னால் அவளுக்கும் வம்பு.

ஜூலை 14, திங்கள்

சலவைக் கடையில் துணிகளுக்கு எண் கட்டுகிறேன். சாப்பாட்டு இடைவேளையில் அம்மாவுக்கு மருந்துக் கடையில் பிளாஸ்திரி வாங்கிக்கொண்டு நூலகத்துக்குப் போனேன்.

மாடிப்படிக்குக் கீழே இடமே இல்லை. சுவரை ஒட்டிப் பூந்தொட்டிகள், நெருக்கி நெருக்கி. மேற்பார்வையாளர் ஏற்பாடாம். பக்கத்தில் ஒரு பலகை: 'பசுமை மூலை, படம் எடுத்து அனுப்புங்கள், கப் வெல்லுங்கள்.' அம்மா அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அதுவும் இப்போது அவள் வேலைதான்.

ஆட்கள் போய்வரும் நடை. "அம்மா" என்று கூப்பிட்டேன். திரும்பி, பழக்கதோஷத்தில் கண்ணைச் சிமிட்டினாள், இரண்டும் மூடிக்கொண்டன. கீழே குந்தி, காலைத் தூக்கச் சொன்னேன். ஒரு கையால் தொட்டியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றாள். குறுக்கே இரண்டு ஒட்டினேன்.

இப்போதெல்லாம் எங்கே உட்காருகிறாய் என்று கேட்டேன்.

"உக்காரலைடி" என்றாள்.