இன்னொரு குணசுந்தரி

இங்கிலாந்து
14-2-1971

அன்பு அக்கா கிரேஸுக்கு,

இங்கே குளிர் எலும்பைத் தின்கிறது, அதை விடு. ஆய்வுக்கூடத்தில் நேற்று பார்த்ததைச் சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன். தலைப்பிரட்டையின் குடலிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி எடுத்து, அதன் கருவை, சொந்தக் கரு நீக்கிய வேறொரு தவளை முட்டைக்குள் வைத்தார்கள். அது வளர்ந்து, அந்தத் தலைப்பிரட்டையின் அச்சு அசல் நகலான தவளையாகத் தொட்டியிலிருந்து என்னை முறைக்கிறது! மனுஷனுக்கும் ஒருநாள் இது நடக்குமாம். அங்கேயே முழங்கால் போட்டு ஜெபிக்கத் தோன்றியது.

உன் தம்பி
தானியேல்

கவரைப்பேட்டை
9-3-1971

தம்பி, உனக்கு ஆயுசு நூறு.

உன் கடிதத்தை ஏழு தரம் படித்தேன். வீட்டுக்காரர் மில்லுக்குப் போனதும் எட்டாவது தரம். என் மகள் குணசுந்தரி காய்ச்சலில் போய்ப் பதினொரு மாசம். அவள் இடுப்பில் கட்டியிருந்த தாயத்தை ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பியிருக்கிறேன். உள்ளே அவள் தொப்புள்கொடி இருக்கிறது. தாயத்து வேதத்துக்கு ஆகாது என்று போதகர் திட்டியதால், அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தேன். ஒரு துளி போதும் என்றாயே. முட்டைக்கும் வயிற்றுக்கும் நான் இருக்கிறேன். "இன்னாமே, பைத்தியம் புட்ச்சிக்கிச்சா உனுக்கு?" என்கிறார் இவர். ஆகட்டும். எனக்கு அவள் வேண்டும்.

கிரேஸ்

இங்கிலாந்து
2-4-1971

அக்கா,

தாயத்து வந்தது. பிரித்துவிட்டு அழுதேன். வாயை அடக்காமல் எழுதிய முட்டாள் நான்தான். காய்ந்த கொடியில் உயிரில்லை. அதிலிருந்து எதுவும் வராது.

இன்னொன்றையும் மறைக்க மாட்டேன். எழுநூறு முட்டையில் தவளையானது பத்துக்கூட இல்லை. மீதியெல்லாம் பாதியில் செத்தன. சிலதுக்குத் தலை கோணல், சிலதுக்கு வயிறு வீக்கம். வாளியில் அள்ளிக் கொட்டுவது என் வேலை. தவளை என்பதால் கொட்டுகிறோம். பிள்ளையாக இருந்தால்? பிழைத்து வந்தாலும் முகம்தான் குணசுந்தரியாக இருக்கும், வருகிறவள் வேறொருத்தி. என்னை மன்னித்துவிடு.

தானியேல்

கவரைப்பேட்டை
5-5-1971

தானியேலுக்கு,

உன்மேல் இருந்த கோபத்தில் பதில் போடவில்லை. தாயத்தை நீயே வைத்துக்கொள்.

நேற்று, பக்கத்து வீட்டு முத்தம்மாவின் இரட்டைப் பெண்களில் ஒருத்திக்குத் தலை பின்னும்போது மற்றவள் பேரைச் சொல்லிவிட்டேன். "நா அவ இல்ல அத்தே! எல்லாரும் என்னாண்ட அவளத்தான் தேடிக்கினு கீறீங்க" என்று சடையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். சீப்பும் கையுமாக அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நான் கேட்ட பிள்ளை வந்திருந்தால், தினம் அவள் முகத்தில் செத்தவளைத்தானே தேடியிருப்பேன்? பெற்றவளே அப்படிப் பார்த்தால் அது எங்கே போய் அழும்?

ஒரு துளிக்குள் முழு உயிரையும் வைத்த கர்த்தரை நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது. என்னை நினைத்தால் பயமாக இருக்கிறது.

பத்து வருஷத்தில் உங்களால் முடிந்தாலும் முடியலாம். அப்போது நான் மறுபடி கெஞ்சி எழுதுவேன். என்னை எனக்குத் தெரியும். அந்தக் கடிதத்துக்கு மட்டும் பதில் போடாதே.

அக்கா
கிரேஸ்