அக்கா கணக்குல 98

மாட்டுங்கா லேபர் கேம்ப்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ஜாக்குலினுக்கு, சேசுவுக்குப் புகழ். அம்மா எழுதுறேன். மாதா கிருபையில நானும் அப்பாவும் உடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கோம், நீ அந்த அயர்லாந்துக் குளிர்ல காதுக்குத் துணி கட்டிக்கிட்டு டூட்டிக்குப் போறியா, வேளைக்குச் சோறு திங்கியா, அத முதல்ல எழுது. உன் தம்பியும் சொகம்னு எழுதத்தான் பேனாவ எடுத்தேன், கை வரல. அவன நெனச்சுப் பயந்துபோய்த்தான் இந்தக் கடிதமே. போன்ல சொன்னா என்னன்னு கேப்ப, நம்ம வீட்டுல நான் கீழ மூச்சு விட்டா மேல இருக்கவனுக்குக் கேக்கும், கேட்டா சத்தம் போடுவான். எழுத்துன்னா பயமில்ல. இங்கிலீஷ் மீடியம் படிச்சவனுக்குத் தமிழ்ல தெரிஞ்சது நீ சிலேட்டுல சொல்லிக்குடுத்த அவன் பேரு ஒண்ணுதான், அதனால பேர எழுதாம தம்பி தம்பின்னே எழுதுறேன், புரிஞ்சுக்கோ. எழுதி முடிச்சா இத அவனேதான் போட்டோ புடிச்சு உனக்கு வாட்சப்புல அனுப்பப் போறான். நெனச்சா எனக்குச் சிரிப்பு வரணும், வரமாட்டேங்கு.

கூரியர் வேலைய விட்டுட்டு கல்யாண வீடியோ எடிட்டிங்னு அவன் உக்காந்தது உனக்குத் தெரியும்லா. அதுக்குக் கம்பியூட்டர முழுசா வாங்காம சாமான் சாமானா வாங்கியாந்து மாடி ரூம்ல பாயில பரப்பி அவனே மாட்டுனான், நான் ஏணியில நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அதுக்கு மூளை மாதிரி ஒரு சில்லு, பிராசஸர்ங்கான், அது மேல சூட்ட எறக்க வட்டமா ஒரு குட்டி ஃபேன், சில்லு வந்த டப்பாவுலயே கூட வந்தது. அந்த ஃபேனுக்கு நாலு பிளாஸ்டிக் காலு. ஒவ்வொண்ணையும் பெருவிரலால அமுக்குனா டக்குனு சத்தம் வந்து, சில்லு உக்காந்திருக்க போர்டோட ஓட்டைக்குள்ள மாட்டிக்கணுமாம், அப்பதான் ஃபேன் சில்லுல ஒட்டி நிக்குமாம். மூணு காலுக்கு டக்குனு கேட்டுச்சு. நாலாவத அமுக்கும்போது போர்டு அப்படியே வளையுது, இவன் மூஞ்சி வெளுத்துப்போச்சு. உடஞ்சா எல்லாம் போச்சும்மான்னு கைய எடுத்துட்டான். முக்காலி மூணு கால்ல நிக்கலயான்னு அவனே சொல்லிக்கிட்டு மூடிய மாட்டிட்டான்.

அந்த ஸ்கிரீன் ஓரத்துல ஒரு நம்பர் தெரியும், உள்ள எவ்வளவு சூடுன்னு காட்டுறதாம். வீடியோவ எல்லாம் சேத்து முடிக்கிற வேலை ஓடுனா 98ல வந்து நிக்கும். எனக்கு ஒரே சந்தோஷம். நம்ம தெர்மாமீட்டர்ல 98 வந்தா காய்ச்சல் இல்லன்னுதான டாக்டர் சொல்லுவாரு. டீ கொண்டு போகும்போதெல்லாம் அத எட்டிப் பாத்துட்டு நல்லாத்தான் இருக்குன்னு எறங்கிருவேன். ஞாயித்துக்கிழமை நீ போன்ல உன் வார்டுல ஒரு பெரியவருக்கு முப்பத்தொன்பது காய்ச்சல்னு சொன்னல்லா, ஏட்டி அவரு என்ன ஐஸா ஆயிட்டாரான்னு நான் கேக்க, நீ சிரிச்சு, இங்க கணக்கே வேறம்மா, முப்பத்தேழுதான் சரி, நூறுன்னா தண்ணி கொதிச்சிரும்னு சொன்ன. அப்ப நானும் சேந்து சிரிச்சேன். போன வச்ச பொறவுதான் அந்த 98 நெனப்பு வந்துச்சு. மேல ஏறிப் போய், ஏல, இந்த நம்பர் நம்ம கணக்கா அக்கா கணக்கான்னு சும்மா கேக்குற மாதிரி கேட்டேன். நாம பேசுனத அவனும் கேட்டுக்கிட்டுத்தான இருந்தான், திரும்பாமலே அக்கா கணக்குன்னான்.

எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. கொதிக்கப் போற சாமானத் தலைமாட்டுல வச்சுக்கிட்டுல்லா பிள்ள படுக்கான். மேல பத்ரா, அந்தத் தகரமே மே மாசம் தொட முடியாம காயும். எறங்க ஒரே ஏணி, ஏணிக்கு அடியில கேஸ் சிலிண்டர். நம்ம பின் கல்லியில ராபியா வீட்டு மாடி எரிஞ்சத உங்கிட்ட நான் முழுசா சொல்லல. சார்ஜர்ல புடிச்ச தீ. தீயணைப்பு வண்டி அந்தக் குறுகலான கல்லிக்குள்ள வரமுடியாம ஜனங்க குடத்துல தண்ணி ஊத்துனோம், அவ மவன் எப்படியோ குதிச்சுத் தப்பிச்சான், காலு இன்னும் கட்டுலதான் இருக்கு. அந்தக் கருகல் வாடை இப்பவும் எனக்கு வருது, சோத்துல கூட வருது. உன் தம்பிட்ட சொன்னா நூறு வந்தா அதுவே அணைஞ்சுரும், எரியாது, டென்ஷன் மத் லே மா, கவலப்படாதங்கான். அணையத்தான் செய்யுது, ஃபேன் கெடந்து கத்திட்டு திடீர்னு மயக்கம் போட்ட ஆள் மாதிரி எல்லாம் நின்னு போவுது, அத நல்லதுன்னு எப்படி எடுத்துக்கிட? அப்பாட்ட சொன்னேன், குர்லா பட்டறையில இருந்து அலுத்து வந்த மனுசன், படிச்சவனுக்குத் தெரியாதாட்டின்னு சாப்பிட்டு முடங்கிட்டாரு. செம்பூர் கல்யாண வீடியோவ வர்ற ஞாயித்துக்கிழமை குடுக்கணும்னு இவன் அத ஓட்டிக்கிட்டே இருக்கான், நான் கீழ ஜெபமாலையும் கையுமா மேல காத வச்சுக்கிட்டே இருக்கேன். நீ போன் பண்ணும்போது உன் கம்பியூட்டரக் காட்டுலன்னு தன்னால கேக்குற மாதிரி கேளு, அந்த நாலாவது காலப் பாத்துட்டுத் திட்டு. அம்மா சொன்னான்னு மட்டும் வாயில வந்துரக் கூடாது.

இதோட ஆசீர்வாதம் எழுதி முடிக்கலாம்னு இருந்தேன் ஜாக்குலின், அதுக்குள்ள அவன் எறங்கி வந்து, எழுதியாச்சான்னு காகிதத்த வாங்கிட்டான். போட்டோ புடிக்க வெளிச்சத்துல பிடிச்சவன் வெரலு ஒரு எடத்துல நின்னுச்சு. அந்த 98. பேர மறைக்கத் தெரிஞ்ச எனக்கு நம்பர மறைக்கத் தெரியல பாரு. கத்தப் போறான்னு தலையக் குனிஞ்சுக்கிட்டேன். அவன் கத்தல. பக்கத்துல உக்காந்து, "எனக்கும் பயமாத்தான் இருக்கும்மா"ன்னான். மூணு பேருக்குச் சோறு போட வாங்குன சாமான் கையால உடஞ்சு போயிருமோன்னு பயந்துதான் தொடாமலே கெடந்திருக்கான். பிளக்க உருவி, ஆறட்டும்னு விட்டு, ரெண்டு பக்கத் தகட்டையும் கழட்டுனான். நான் பின்பக்கம் டார்ச் அடிச்சு ஓட்டையப் பாக்கணும், அவன் முன்பக்கம் அமுக்கணும். அந்த நாலாவது காலத் திருகி நேரா வச்சு அமுக்கினான், போர்டு திரும்பவும் வளைஞ்சுச்சு, நான் அருள் நிறைந்த மரியே சொல்லிக்கிட்டே நின்னேன். வெள்ளையா நுனி இந்தப் பக்கம் எட்டிப் பாத்துச்சு. வந்துட்டுலன்னேன். அப்பதான் டக்குனு கேட்டுச்சு.

இப்ப மேல அந்தக் கல்யாண வீடியோ ஓடிக்கிட்டு இருக்கு. நான் இன்னும் ஏறிப் பாக்கல. இன்னைக்குக் கீழ என் பக்கத்துல படுக்கச் சொல்லியிருக்கேன், சரின்னுட்டான். மாதா உன்னைய அந்த ஊர்ல கண்ணுக்குள்ள வச்சுக் காப்பாத்தட்டும், நல்லாயிரு. காதுத் துணிய மறக்காத. நம்பர் எங்க நிக்குன்னு அவனே வந்து எழுதட்டும், கீழ கோணலா இருக்கது அவன் எழுத்து.

உன் அம்மா,
ஏஞ்சலம்மாள்

ஜோன்ஸ் 64