அப்பா இசை போடாத காட்சி

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் நலம், அப்பாவின் இருமல்கூட இந்த மாதம் தலைகாட்டவில்லை. உன் நலத்தை நீயாக எழுதுவாய் என்று காத்திருந்து பார்த்துவிட்டு இப்போது நானே கேட்கிறேன், எப்படி இருக்கிறாய், நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போகிறாயா? சலவைக்கடையில் இஸ்திரிப் பெட்டி பட்டு என் விரல் கொப்பளித்துவிட்டது, பயப்படாதே, ஆறி வருகிறது, பேனா பிடிக்கத்தான் முடியவில்லை, அதனால் சின்னவளைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறேன். ஒன்பதாவதோடு படிப்பை விட்டவள் என்று பேர்தான், எழுத்து முத்து முத்தாக விழுகிறது. ஜெராக்ஸ் கடையில் வருகிறவர்களிடம் எத்தனை காப்பி என்று கேட்கக் கூச்சப்பட்டு விரலைக் காட்டிக் கேட்கிறாளாம், முதலாளியம்மா சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். (இதை எழுத வேண்டாம் என்றேன், அம்மா கேட்கவில்லை.) போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் அப்பா பேச்சை எடுத்தாலே உனக்கு ஏதாவது வேலை வந்துவிடுகிறது. கடிதத்தைப் பாதியில் கட் பண்ண முடியாது பார்.

விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு பெண் வாசலில் நின்று குடையை மடக்கிக்கொண்டே, மியூசிக் டைரக்டர் வீடு இதுதானே என்று கேட்டாள். அப்படி இங்கே யாரும் இல்லையே என்று நானே சொல்லிவிட்டேன். இருபத்திரண்டு வருஷமாக லிஃப்ட் கம்பெனி ஸ்டோரில் நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்கிற மனிதரை யாராவது அப்படிக் கேட்டு வந்தால் எனக்கு எப்படி நினைவு வரும்? உள்ளேயிருந்து அப்பாதான் தயங்கித் தயங்கி, நான்தாம்மா அது, என்று வந்தார். அந்தப் பெண் படங்களுக்கு எடிட்டிங் செய்கிறவள், நூலக மாடியில் மாதம் ஒருமுறை பழைய படம் போட்டுப் பேசுகிற சங்கத்தையும் நடத்துகிறாள். எப்போது பார்த்தாலும் கையில் குடை, அதனால் எங்களுக்குள் அவள் குடைக்காரி. அப்பா இசையமைத்த பதினொரு படத்தில் ஒன்பதைத் தேடிப் பிடித்து வைத்திருக்கிறாள். உங்களுக்குப் பிடித்த ஐந்து இடங்களைச் சொல்லுங்கள், திரையில் காட்டுகிறோம், நீங்கள் வந்து பேச வேண்டும் என்றாள். என்னோடதுல அஞ்சு தேறுமாம்மா என்று அப்பா கேட்டார். எனக்குப் பதினேழு தேறிச்சு சார், அடிச்சு அடிச்சும் அஞ்சாக்க முடியலன்னுதான் உங்ககிட்டயே வந்தேன் என்றாள் அவள். அன்றைக்கு அப்பா இரண்டு தடவை சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டார்.

அப்புறம் ஒரு வாரம் வீட்டில் தேர்தல்தான். கொலைகாரன் படிக்கட்டில் ஏறி வரும்போது பின்னால் குழந்தை பொம்மைப் பியானோவைத் தட்டுகிற மாதிரி டிங் டிங் என்று வருமே, அதைப் போட்டே ஆக வேண்டும் என்று நான் ஒரே பிடியாக நின்றேன். அது உன்னுடைய பொம்மைதான், ரிக்கார்டிங்குக்கு எடுத்துப் போன ஒரு வாரமும் நீ வீட்டை இரண்டாக்கினாய். இரண்டு சகலைகள் ஒரே கோட்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு ஒரே கம்பெனிக்கு இன்டர்வியூ போவார்களே, கோட்டு நடக்கிற நடைக்கே டபுள் பேஸ், அந்த ஆளுயர வயலின், ஒலிக்குமே, அது சின்னவளுக்கு. அப்பா கலங்கரை விளக்கப் படத்தைச் சொன்னார், கிழவர் ஏறுகிற ஒவ்வொரு படிக்கும் புல்லாங்குழலில் ஒரு சுரம், கடைசிப் படிக்கு மட்டும் சுரம் கிடையாது, அவர் மூச்சுதான் கேட்கும். நாலாவதாக மூன்று நாள் ஓடிய அந்தப் படத்தின் டைட்டில் இசை, மூன்று நாளில் ஒரு நாள் மழை, யாரும் வரவில்லை. அஞ்சாவது எது என்று கேட்டதற்கு, ரெண்டு கப் என்றார். சின்னவள் அதையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டாள்.

உனக்கு அது தெரியும், ஆனாலும் சொல்கிறேன். உனக்கு ஆறு வயது, பள்ளிக்கூடம் லீவு, எனக்குக் கடையில் வேலை, அப்பா உன்னை ரிக்கார்டிங்குக்குக் கூட்டிப் போனார். ஆஸ்பத்திரியிலிருந்து தனியாகத் திரும்பி வந்த பெண் இரண்டு பேர் டீ குடித்த கப்புகளைக் கழுவி, துடைத்து, இரண்டையும் கவிழ்த்து வைக்கிற காட்சி. பதினாலு வயலின் ஒன்றாகக் கிளம்பியதும் நீ இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாய். அந்த ஆன்ட்டி அழப் போறாங்க, இவங்கல்லாம் ஏம்ப்பா கத்துறாங்க என்று கேட்டாயாம். அப்பா வாசிப்பை நிறுத்தச் சொல்லி, காட்சியைச் சும்மா ஓட்டி, திரையைப் பார்க்காமல் உன்னைப் பார்த்திருக்கிறார். உன் கை தானாகக் கீழே இறங்கியதாம். இதுக்கு ஒண்ணும் வேணாம், எல்லாரும் டீ குடிக்கப் போங்க என்று சொல்லிவிட்டார். சம்பளம் வாங்கிக்கிட்டுச் சும்மா இருக்கிற மியூசிக் டைரக்டரை இப்பத்தான் பாக்குறேன் என்று தயாரிப்பாளர் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார், அதோடு அப்பாவைக் கூப்பிடுவது நின்றுபோனது. உனக்குப் பத்தொன்பது வயதில் ஒரு சொந்தக்காரர் கல்யாணப் பந்தியில் உன் பெரிய மாமா, இந்தப் பய காதைப் பொத்தினான், இவங்கப்பன் பொழப்பு மூடிக்கிச்சு என்றதும், எல்லாரும் சிரித்ததும், நீ பாதியில் எழுந்து கை கழுவியதும் எனக்கு மறக்கவில்லை. அடுத்த வருஷமே அவ்வளவு தூரத்து வேலையைப் பிடித்துக்கொண்டு போனாய். ஒன்பது வருஷமாக அப்பாவிடம் நல்லா இருக்கீங்களா, நான் இருக்கேன், வச்சிடுறேன், இவ்வளவுதான். அப்பா மேல் உனக்குக் கோபம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். கோபம் இல்லம்மா, அண்ணனுக்கு அப்பா முகத்தைப் பாக்கக் கூச்சமா இருக்கு, என்கிட்ட ஒரு தடவை சொல்லுச்சு என்று இந்த ஊமைக்கோட்டான் போன வாரம்தான் வாயைத் திறந்தாள்.

கூட்டத்துக்கு நாற்பது பேர் வந்திருந்தார்கள். எந்தப் படம், எந்தக் காட்சி, எத்தனையாவது நிமிஷம் என்று பட்டியலை அழகாக எழுதிக் கொடுத்தவள் உன் தங்கைதான், ஆனால் அஞ்சாவதில் இசையே கிடையாது என்று எழுதவில்லை. எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்த விஷயம், அதை எழுத வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? நாலு காட்சி நன்றாகப் போனது, கோட்டுக்கு ஒரே சிரிப்பு. அஞ்சாவதில் அந்தப் பெண் கப்பை எடுத்தாள், குழாய்த் தண்ணீர் சத்தம் மட்டும் வந்தது. அரை நிமிஷத்தில் குடைக்காரி ஓடிப் போய் படத்தை நிறுத்தி, மன்னிக்கணும், சவுண்டுல ஏதோ கோளாறு என்றாள். இரண்டு பேர் எழுந்து வயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினார்கள். சின்னவள் முகத்தில் ரத்தமே இல்லை. அப்போது அப்பா எழுந்தார். அதுவரை நாலு காட்சிக்கும் நன்றி என்பதைத் தவிர ஒரு வார்த்தை பேசாதவர், வயரை விடுங்க, கோளாறு ஒண்ணும் இல்ல, அதுக்கு நான் எதுவும் போடல என்றார். பதினாலு வயலினுக்கு எழுதி வச்சிருந்தேன், அதுவும் நல்லாத்தான் இருந்தது, என் பையன் காதைப் பொத்தினான், அவன் செஞ்சதுதான் சரி, நான் செஞ்சதுலயே உசத்தி இதுதான், இதுல பாதி அவனோடது என்றார். மறுபடி முதலிலிருந்து போட்டார்கள். இரண்டாவது கப்பைக் கவிழ்க்கும்போது எனக்குப் பின்னால் ஒருவர் லாரி ஹாரன் மாதிரி மூக்கைச் சிந்தினார், அதுதான் அந்தக் காட்சிக்கு இசை.

வரும் வழியில் பஸ்ஸில் கேட்டேன், இத்தனை வருஷத்தில் இதை அவனிடம் ஒரு தடவை சொல்லியிருக்கலாமே என்று. அவனுக்குத் தெரியும்னு நினைச்சேன் என்றார். பட்டியல் எழுதியவளும் அப்படித்தான் நினைத்தாள். இந்த வீட்டில் எல்லாருக்கும் அதே வியாதி. அதனால்தான் விரல் ஆறுகிற வரைக்கும்கூடப் பொறுக்காமல் எழுதச் சொல்கிறேன்.

நல்ல செய்தியைக் கடைசிக்கு வைத்தேன். குடைக்காரி தானே ஒரு படம் எடுத்திருக்கிறாள், அதற்கு அப்பாதான் இசை. பீரோ மேலிருந்து கீபோர்டை இறக்கியாயிற்று, இரண்டு கட்டை பேசவில்லை, மற்றதெல்லாம் பேசுகின்றன. ஒரே ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறார், ஒரு மனிதன் மகளுடைய பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருக்கிற காட்சி. மூன்று மெட்டு எழுதி மூன்றையும் கிழித்துவிட்டார். முந்தாநாள் யாரிடம் என்றில்லாமல், பெரியவன் பக்கத்துல இருந்தா ஒரு நிமிஷம் உக்கார வச்சுப் பாத்திருப்பேன் என்றார். அந்தக் காட்சியைச் சின்னவள் உன் போனுக்கு அனுப்புவாள். கையைக் காதில் வைக்கத் தோன்றுகிறதா இல்லையா என்று பார்த்து அப்பாவிடம் நீயே சொல். என்னிடம் சொன்னால் நான் எடுத்துச் சொல்ல மாட்டேன், இத்தனை வருஷம் நடுவில் நின்றது போதும். இருபதாம் தேதிக்குள் முடித்துக் கொடுக்க வேண்டுமாம். மறந்துவிடாதே, அப்பா ஸ்டோரிலிருந்து வர ஆறு மணி ஆகும்.

உடம்பைப் பார்த்துக்கொள், ராத்திரி வெறும் ரொட்டியோடு படுக்காதே. கை நிறைய வேலையும் மனம் நிறைய நிம்மதியுமாக நீ நூறு வயது இருக்க வேண்டும், என் கண்ணே.

எப்போதும் உன்னையே நினைத்திருக்கும்
அம்மா

அண்ணா, அம்மா கையைக் கழுவப் போயிருக்கிறாள், இது நானாக எழுதுவது. ஒரு வாரமாக அப்பா ஆறு மணிக்கு வந்ததும் போனைச் சார்ஜரிலிருந்து எடுத்து கீபோர்டு மேல் வைத்துக்கொள்கிறார். உனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்து இந்தத் தடவையும் சொல்லாமல் விடக் கூடாது, அதனால் எழுதுகிறேன்.