இடது கை

பிப்ரவரி 16, ஞாயிறு

இன்று அந்தோணி ஆடவில்லை. மைதானத்துக்கு வெளியே தன் பைக் மேல் உட்கார்ந்திருந்தான். என் ஆய்வுக்காக இரண்டு வருடமாக இந்த ஊர் கிரிக்கெட் அணியோடு சுற்றுகிறேன். அவன் ஆடாத மேட்ச்சைப் பார்த்ததில்லை.

என்ன ஆச்சு என்று கேட்டேன். போனை நீட்டினான். அணியின் வாட்ஸப் குரூப்பில் என் கட்டுரை. பேட்டியில் அவன் சொன்னதை யாரோ சிவப்பில் வட்டமிட்டிருந்தார்கள்: 'விக்கெட் எடுத்தா கட்டிப்புடிப்பாங்க. அவங்க வூட்டுக்குப் போனா தண்ணி மட்டும் வாசல்லயே வந்துடும்.'

பெயரை மாற்றியிருந்தேன். ஊர்ப் பெயரையும் எடுத்துவிட்டேன். ஆனால் 'தலித் இடக்கைப் பந்துவீச்சாளர் ஒருவர்' என்று எழுதியிருக்கிறேன். அந்த அணியில் இடது கையால் போடுகிறவன் அவன் ஒருவன்தான். நான் ஒரு முட்டாள். இத்தனை நாள் பவுண்டரி ஓரம் உட்கார்ந்து என்னத்தைப் பார்த்தேன்?

"கேப்டன் திட்டக்கூட இல்லக்கா. ஜெர்சிய மட்டும் வாங்கிக்கினான்."

மன்னித்துவிடு என்றேன். கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லி இதழுக்கு எழுதிப் போடுகிறேன் என்றேன். அது எனக்கே அபத்தமாகக் கேட்டது.

"பேர மாத்திட்டேன்னு சொன்னீங்களேக்கா," என்றான். குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் தேவலை. "கைய இன்னா பண்றது?"

அந்த நேரம் பார்த்து உள்ளே விக்கெட் விழுந்தது. எல்லாரும் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அந்தோணியும் தன்னை மறந்து கைதட்டிவிட்டான். பிறகு இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டான்.