உறையின் மேல் வேறு பெயர்

கொழிஞ்சாம்பாறை
14-7-2024

மரியே வாழ்க

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ரிஞ்சு எழுதுவது. நம் எஸ்டேட் லயத்து வீடுகளில் போன் டவர் கிடையாது. இங்கே போனில் பேசினால் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும். அதனால் கடிதம்.

அறை கிடைத்துவிட்டது. சந்தோஷப்படும் முன் முழுவதும் படியுங்கள். இரண்டாம் வருடத்தோடு என் ஹாஸ்டல் இடம் போனது உங்களுக்குத் தெரியும். மூன்று வாரம் சிநேகிதி இந்து வீட்டில் ஒண்டிக்கொண்டு ஒன்பது வீடு ஏறி இறங்கினேன். தனியாக வரும் பெண்ணுக்குக் கிடையாது, எஸ்டேட்காரர்களுக்குக் கிடையாது. பத்தாவது கமலாத்தாள் வீடு. என் வகுப்புக் கற்பகம் போனில் பேசிவைத்த அறை அது. அவள் படிப்பை விட்டுவிட்டாள். அவள் வரமாட்டாள், எனக்குக் கொடுங்கள் என்று கேட்கத்தான் போனேன்.

கதவைத் திறந்ததுமே அந்த அம்மா, "கற்பகமா? உள்ள வா கண்ணு, தண்ணி குடி. வேதக்காரங்களுக்கு ஊடு உடக்கூடாதுன்னு எம்மகன் கண்டிசனாச் சொல்லிப்போட்டான். நல்லவேளை நீ வந்தே" என்றார். வேதக்காரர் என்று அவர் சொன்னது நம்மைப் போன்ற கிறிஸ்தவர்களைத்தான். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். கையில் தண்ணீர்ச் சொம்பு இருந்தது. மனதில் ஒன்பது வீடும் இருந்தது.

இனி உறையின் மேல் கற்பகம் என்று எழுதுங்கள். கடிதத்தின் தலையில் மரியே வாழ்க வேண்டாம். தபாலை வாங்குவது அவர்தான், நான் பிரிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படிப்பார். அம்மாவிடம் சொல்லுங்கள், கருவாடு அனுப்ப வேண்டாம், இந்த வீட்டில் கவிச்சி ஆகாது.

அன்பு மகள்
ரிஞ்சு

வண்டன்மேடு
25-7-2024

மரியே வாழ்க

அன்பு மகள் ரிஞ்சுவுக்கு அப்பா எழுதிக்கொண்டது. மேலே எழுதியிருப்பதைப் பார்த்துக் கோபப்படாதே. உறையில் மட்டும் அந்தப் பேரை எழுதியிருக்கிறேன். அதற்கே இரண்டு உறை வீணானது.

நீ பிறந்தபோது உனக்குப் பேர் வைக்க நானும் உன் அம்மாவும் போட்ட சண்டை லயத்துக்கே தெரியும். உன் அம்மா ரோசி, வினோ என்று வைக்கச் சொன்னாள். நான் ரிஞ்சு என்று நின்று ஜெயித்தேன். ஜெயித்த பேரை நீ ஒரு சொம்புத் தண்ணீரோடு விட்டுவிட்டாய். ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒன்பது பொய் வேண்டும் மகளே. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்புக்கு விறகு தள்ளும்போதெல்லாம் எனக்கு இதே நினைப்பாக இருக்கிறது.

உனக்காகக் கட்டி வைத்த கருவாட்டை நாங்களே தின்கிறோம். உன் அம்மா சரியாகப் பேசுவதில்லை. பெற்ற பிள்ளைக்கு ஊரான் பேரில் எழுத என்னால் ஆகாது. வேறு வீடு பார். பார்த்ததும் சொல், அப்போது எழுதுகிறேன்.

அப்பா
மிக்கேல்

கொழிஞ்சாம்பாறை
3-2-2025

அன்புள்ள அப்பா,

நீங்கள் எழுதி ஆறு மாதம் ஆகிறது. அந்தக் கடிதத்தைக் காலேஜுக்குக் கொண்டுபோய்ப் பிரித்ததால் தப்பித்தேன். விடுமுறைக்கு வந்தபோதும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மேலே எழுதாததற்கு மன்னியுங்கள். இந்த அறைக்கு உள்தாழ்ப்பாள் இல்லை, அந்த அம்மா எப்போது வேண்டுமானாலும் வருவார்.

வேறு வீடு தேடாமல் இல்லை. எங்கும் கிடைக்கவில்லை. போன வாரம் எனக்குக் கடுமையான காய்ச்சல். கமலாத்தாள்தான் கஞ்சி வைத்து ஊட்டினார், நெற்றியில் திருநீறு பூசினார். அவர் கெட்டவராக இருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபம். ஞாயிற்றுக்கிழமைகளில் லைப்ரரி என்று சொல்லிவிட்டு வெளியே போகிறேன், மாதா கோயில் வாசல் வரை போய்த் திரும்பிவிடுகிறேன். யாராவது பார்த்தால் என்ன செய்வது? என் ஜெபமாலை அரிசி டப்பாவுக்குள் கிடக்கிறது. உள்ளே இருந்தால் பயம், வெளியே போனால் வீடில்லை.

மார்ச் கடைசியில் பரீட்சை. அதுவரை பொறுங்கள். இங்கே வர வேண்டாம். ஒரு வரியாவது எழுதுங்கள்.

ரிஞ்சு

வண்டன்மேடு
24-2-2025

கற்பகத்துக்கு,

இதை அந்த அம்மா இல்லாதபோது படி.

காய்ச்சல் என்று தெரிந்த பிறகு உன் அம்மா என்னைத் தூங்கவிடவில்லை. போன வியாழக்கிழமை கம்பம் போய், அங்கிருந்து பொள்ளாச்சி வழியாக அங்கே வந்தேன். நீ காலேஜில் இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் வந்தேன். தெருமுனையில் மாதா படம் வைத்த உத்தரியத்தைக் கழுத்திலிருந்து கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். கல்யாணமான நாளிலிருந்து அதைக் கழற்றியதில்லை.

"கற்பகத்தோட அப்பாவுங்களா?" என்று அந்த அம்மா கேட்டார். இல்லை என்றேன். சொந்தமா என்றார். "இல்லம்மா, பக்கத்து லயம். ஏலக்காய் குடுத்துவிட்டாக" என்றேன். வாசற்படியில் நிற்க வைத்து மோர் கொடுத்தார். அப்போது, "இந்தப் புள்ளயப் பெத்தவரு குடுத்து வெச்சவருங்க. அவரு நல்லா இருக்காருங்களா?" என்றார். எனக்கு அவரை அவ்வளவாகத் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

சேவல் கூவும் முன் ஆண்டவரைத் தெரியாது என்று அவர் சீடர் இராயப்பர் மூன்று தடவை சொன்னார். பஸ்ஸில் எண்ணிப் பார்த்தேன், எனக்கும் மூன்றுதான். சேவல் மட்டும் கூவவில்லை.

உன்னைத் திட்ட எனக்கு இனி வாய் இல்லை. ஒரு சொம்புத் தண்ணீர் என்று உன்னைச் சொன்னேன். எனக்கு ஒரு டம்ளர் மோர் போதுமாக இருந்தது. மேலே வழக்கமாக எழுதுவதை எழுதக் கை கூசுகிறது. நீ நன்றாகப் படி.

இப்படிக்கு,
பக்கத்து லயத்துக்காரன்

கொழிஞ்சாம்பாறை
6-3-2025

மரியே வாழ்க

அன்புள்ள அப்பாவுக்கு மகள் ரிஞ்சு எழுதுவது.

உங்கள் கடிதத்தைக் கமலாத்தாளுக்கு நானே படித்துக் காட்டினேன். ஒரு வரி விடவில்லை, என் உண்மைப் பேரையும் வேதத்தையும் சொல்லிவிட்டேன். பிறகு, "அன்னைக்கு வந்தவரு உங்கொப்பனா? ஒரு வாய் சோறு போடாம அனுப்பிப்போட்டனே சாமி" என்று அழுதார். நானும் அழுதேன். மன்னித்துவிட்டார் என்றே நினைத்தேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆனா மகனுக்குத் தெரிஞ்சா என்னய வெச்சுப் பாக்கமாட்டான். எனக்குத் தைரியம் பத்தாது கண்ணு. ஞாயித்துக்கெழமைக்குள்ள வேற ஊடு பாத்துக்க" என்றார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. அவருக்கும் அந்த வீட்டை விட்டால் வேறு வீடு இல்லை.

பரீட்சைக்கு இன்னும் இருபது நாள். இந்து வீட்டில் இப்போது விருந்தாளிகள், இடமில்லை. நேற்றும் இன்றும் ஐந்து இடம் கேட்டேன். ஐந்திலும் முதலில் என் பேரையும் உங்கள் பேரையும் சொன்னேன். இல்லை என்றார்கள். நாளைக்கு முதலமடைப் பக்கம் போகிறேன்.

உங்கள் ஏலக்காயை எடுத்து வைத்துக்கொண்டேன். ஜெபமாலையை டப்பாவிலிருந்து எடுத்துவிட்டேன், அரிசி வாசனை அடிக்கிறது. நீங்களும் உத்தரியத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். பெட்டி கட்டியாயிற்று.

இதற்குப் பதில் போட வேண்டாம், எனக்கு இப்போது விலாசம் இல்லை. கிடைத்ததும் எழுதுகிறேன். அப்போது உறையின் மேல் என் பேரைப் பெரிதாக எழுதுங்கள் அப்பா.

உங்கள் மகள்
ரிஞ்சு மிக்கேல்